தெளிந்த நீரும் தேர்ந்த நீரும்

கிணறு வெட்டிக் கொடுப்பதைப் பேரறமாகப் போற்றி வந்த சமுதாயம் நம்முடையது. அன்னையை இழந்த ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள், தாயின் பெயரால் செய்யத்தக்க சிறந்த தருமம் யாதென அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவியபோது, தண்ணீர் என்றே விடை கிடைத்தது. அவர் ஒரு கிணறு தோண்டி வைத்தார். மதீனத்து ரூமா கிணற்றை ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கிய வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். மக்காவுக்கு வரும் ஹாஜிகளின் தாகம் தணிக்க, கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் அமைத்த நீர்வழி இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த மரபின் தொடர்ச்சியாகவே நம் ஊர்களில் பள்ளிவாசல் முற்றத்தில் கிணறும், சந்தைக்கடையில் தொட்டியும், இறந்தோர் நினைவாக ஆழ்குழாய்க் கிணறும் அமைகின்றன. அருகே ஒரு சலவைக்கல்லும் பதிக்கப்படுகிறது.

அக்கல்லில் கொடுத்தவர் பெயர் இருக்கும்; யாருக்காகக் கொடுத்தாரோ அவர் பெயர் இருக்கும்; ஹிஜ்ரி ஆண்டும் ஆங்கில ஆண்டும் இருக்கும். ஆனால் அந்த நீர் எத்தகையது, அதை யார் சோதித்தார், எந்நாளில் சோதித்தார் என்பதற்கு ஓர் எழுத்தும் இராது. இக்குறையைப் பற்றியே இங்குச் சில சொல்ல விழைகிறோம்.

நீரைத் தேர்ந்து பார்த்தல் நமக்குப் புதிதன்று. ஃபிக்ஹு நூல்கள் தூய்மையைப் பற்றிய பாடத்தோடு தொடங்குகின்றன. அப்பாடமோ தண்ணீரின் வகைகளில் தொடங்குகிறது. நிறம், மணம், சுவை ஆகிய மூன்றையும் நீரின் தன்மைக்குச் சாட்சிகளாக நம் இமாம்கள் வைத்தனர். ஷாஃபிஈ மத்ஹபினர் இரண்டு குல்லா என்ற அளவைச் சொல்லினர். ஹனஃபி மத்ஹபினர் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்ற பரப்பைச் சொல்லினர். நம் பள்ளிவாசல் ஹவுள்களின் நீள அகலங்கள் இந்தக் கணக்கிலிருந்தே பிறந்தவை. தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதையும், நீர்த்துறையில் அசுத்தம் செய்வதையும் நபிகளார் தடுத்திருக்கின்றனர். கெட்ட பின் துலக்குவதினும் கெடாமல் காப்பதே முதற்கடமை என்பது அதன் உட்கருத்தன்றோ?

எனினும் ஒன்றை நாம் பிரித்தறிதல் வேண்டும். ஒளூவுக்கும் குளிப்புக்கும் நீர் தகுமா என்பது ஒரு கேள்வி; அதே நீரைக் குழந்தைக்குப் புகட்டலாமா என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு நிறமும் மணமும் சுவையும் விடை சொல்லும். இரண்டாம் கேள்விக்கு அம்மூன்று சாட்சிகளும் வாய் திறவாத இடங்கள் பல உண்டு.

நைட்ரேட் என்னும் உப்பு கரைந்த நீருக்கு நிறமில்லை, நாற்றமுமில்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்கத் தகாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியை ஏந்திச் செல்லும் திறனை அது குலைத்துவிடும். ஃபுளோரைடு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பற்களில் கறை படியும். நெடுங்காலம் தொடர்ந்தால் எலும்புகளும் முடங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் தலைமுறை தலைமுறையாக இத்துன்பத்தை அனுபவித்ததால்தான், 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியை அங்குக் கொண்டு சென்றது. ‘காய்ச்சிக் குடித்தால் போதாதா?’ என்று தாய்மார் கேட்கக்கூடும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் நைட்ரேட்டின் அடர்த்தி கூடவே செய்யும்.

கண்ணுக்குத் தெளிந்த நீரை நம்பியதால் ஒரு நாடே பட்ட பாட்டை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். வங்கதேசத்துக் கிராமத்தார் முன்பு குளத்து நீரையும் ஆற்று நீரையுமே குடித்து வந்தனர். வயிற்றுப்போக்கும் காலராவும் அங்கே குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அதைத் தடுக்க 1970களிலிருந்து அரசும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் ஊர் ஊராகக் கைப்பம்புக் குழாய்க் கிணறுகளை இறக்கின. பின்னர் வசதியுள்ளோர் தாமே இறக்கிக்கொண்டனர். நீர் பளிங்குபோல் வந்தது, கிருமியும் இல்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட நற்பணி அது என்பதில் ஐயமில்லை. ஆனால் இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்து குவித்த வண்டலில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இயற்கையாகவே இருந்தது. காற்றுப் புகாத ஆழத்தில் இரும்புத் துகள்களை விட்டுப் பிரிந்து அது நீரில் கரைந்திருந்தது. அதற்கும் நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை.

1983ஆம் ஆண்டில் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமத்தாரின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கண்ட தடிப்புகளுக்குக் காரணம் குடிநீரிலுள்ள ஆர்சனிக்கே என்று கண்டறிந்தார். எல்லைக்கு அப்பால், சாப்பாய் நவாப்கஞ்சு மாவட்டத்தில் அது உறுதி செய்யப்பட்டது 1993ஆம் ஆண்டில்தான். இடையில் 1992ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகத்தார் அந்நாட்டின் சில பகுதிகளில் கிணற்று நீரைச் சோதித்து அறிக்கை தந்தனர். பல பொருள்களுக்குச் சோதனை நடந்தது. ஆர்சனிக்குக்கு மட்டும் நடக்கவில்லை. அவ்வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரை சென்று, ஆய்வகத்தார்மீது பொறுப்பு இல்லையென 2006ஆம் ஆண்டில் தள்ளுபடியாயிற்று. சட்டத்தின் விடை அது. நாம் கொள்ளவேண்டிய பாடமோ இது: சோதித்தோம் என்பது மட்டும் போதாது, எதற்காகச் சோதித்தோம் என்று கேட்கவேண்டும். கேட்காத கேள்விக்கு நீர் விடை சொல்வதில்லை.

பின்னர் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் அதே பிரிட்டிஷ் ஆய்வகமும் சேர்ந்து 3,534 கிணறுகளை ஆராய்ந்தன. ஏறத்தாழ நான்கில் ஒரு கிணறு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு எல்லையையே தாண்டியிருந்தது; உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையோ வெறும் 10. அதன்பின் ஒரு பெரும்பணி தொடங்கிற்று. சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. தக்க நீருக்குப் பச்சை வண்ணமும் தகாத நீருக்குச் சிவப்பு வண்ணமும் பம்பின் மூக்கிலேயே பூசப்பட்டன. சிவப்பானவை ஏறத்தாழ 14 லட்சம்! வியப்பு என்னவெனில், ஒரு வீட்டுப் பம்பு சிவப்பாகவும் சில கெஜ தூரத்து அண்டைவீட்டுப் பம்பு பச்சையாகவும் இருந்தன. ஆகவே ஒரு கிணற்றைச் சோதித்துவிட்டு ஊருக்கே தீர்ப்பு எழுத இயலாது. அந்தப் பச்சை வண்ணம் பூசிய அன்று, எத்தனையோ தாய்மார் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தனர். பல உயிர்களைக் காத்தது அந்தச் சில கெஜ நடையே.

அயல்நாட்டுச் செய்தியென்று இதை ஒதுக்கிவிட இயலாது. நமக்கு மிக நெருங்கிய பாலாற்றங்கரைக்கு வருவோம். கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழகத்தின் வட மாவட்டங்கள் வழியே ஓடிக் கடலில் கலக்கும் ஆறு பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்தாலும் மணலுக்குக் கீழே நீரோட்டம் உண்டு; ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் கிடைக்கும். அக்கரையிலுள்ள வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. அதில் முஸ்லிம் வணிகர்களின் பங்கு பெரிது. அத்தொழில் ஈட்டிய பொருளில் கல்லூரிகள் எழுந்தன, மதரஸாக்கள் எழுந்தன, பயணிகளுக்குச் சத்திரங்கள் எழுந்தன. அந்த நன்மையை மறைப்பது நன்றிகெட்ட செயலாகும். அதே தொழில் மண்ணுக்குள் இறக்கிய உப்பை மறைப்பதும் நேர்மையாகாது.

முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். 1970களுக்குப் பின், பதப்படுத்தி முடித்த தோலையே ஏற்றுமதி செய்யவேண்டும் என்ற கொள்கை வலுப்பட, குரோமிய உப்பால் பதனிடும் முறை பரவிற்று. கழிவுநீர் ஏரிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் ஆற்று மணலுக்கும் சென்றது. கிணறுகள் உவர்த்தன, தென்னைகள் கருகின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியையும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்ற நெறியையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அறிவித்த தீர்ப்பு அது. அத்தீர்ப்பில் நம் உள்ளத்தைத் தொடுவது ஒரு சிறு கணக்கு. திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களின் கிணறுகளை ஒரு தொண்டு நிறுவனத்தார் ஆராய்ந்தனர். 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன என்று அதில் பதிவாகியிருக்கிறது. கிணறு கிணறாகச் சென்று யாரோ சிலர் எழுதி வைத்த அந்தக் கணக்கே, நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் ஏழை உழவனுக்காகச் சாட்சி சொல்லிற்று.

வழக்கு அத்துடன் ஓயவில்லை. அரசும் ஆலையதிபரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தனர். அவை குரோமியத்தைப் படியவைத்து நீக்க வல்லவை. கரைந்த உப்பை நீக்குவது அவற்றால் ஆகாத காரியம். அதற்குப் பிறகே, நீர் முழுவதையும் மீட்டெடுத்துக் கழிவுநீரே வெளியேறாதபடி செய்யும் முறைகள் வந்தன. ஆயினும் மண்ணுக்குள் முன்பே சென்றது அங்கேயே கிடந்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றுக்காகத் தீர்ப்புரைத்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துத் தொடர்ந்து கண்காணிக்கப் பணித்தது. வழக்கைக் கொண்டு சென்ற அமைப்பின் பெயரே வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு. இரு தீர்ப்புகளுக்கும் இடையே 28 ஆண்டுகள் சென்றுவிட்டன; முதல் தீர்ப்பின்போது பிறந்த குழந்தை இன்று ஒரு குழந்தைக்குத் தாயாகியிருக்கும். ஓடும் ஆற்றில் விழுந்த அழுக்கை ஒரு வெள்ளம் அடித்துச் செல்லக்கூடும். நிலத்தடி நீரோ மிக மெல்ல நகர்வது. அதில் புகுந்த நஞ்சு தலைமுறைக்கணக்கில் தங்கும். ஆகையால் கெட்டபின் அறிவது காலங்கடந்த அறிவு. கெடத் தொடங்கும்போதே அறிவதே பயன்தரும்.

ஆலையில்லாத ஊருக்கு இந்தக் கவலை இல்லையென்று எண்ணுவோர்க்கு நம் மஹல்லாவின் அனுபவத்தைச் சொல்லுவோம். நம் பள்ளிவாசல் கிணறு நூறாண்டு கண்டது. மூன்று தெருக்களுக்கு அதுவே தேநீருக்கும் சோற்றுக்கும் உரிய நீர். ரமளானில் நோன்புக்கஞ்சி காய்ச்சுவதும் அதிலேதான். அறிவியல் ஆசிரியராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர், அந்நீரைச் சோதனைக்கு அனுப்பலாமே என்று ஜமாஅத்தில் சொன்னார். ‘எங்கள் பாட்டனார் குடித்த தண்ணீர், தம்பி; இதற்கு என்ன சோதனை?’ என்று பெரியவர் ஒருவர் வருந்தினார். ஆயினும் அனுப்பப்பட்டது. உப்பின் அளவு சரியாகவே இருந்தது. நைட்ரேட் எல்லையைத் தாண்டியிருந்தது. கழிவிலிருந்து வரும் கிருமிகளும் இருந்தன. பாட்டனார் காலத்தில் கிணற்றைச் சுற்றித் தோட்டமும் வெற்றிடமும் இருந்தன. இப்போது நெருங்கிய வீடுகளும், வீட்டுக்கொரு கழிவுக்குழியும் உள்ளன. கிணறு மாறவில்லை, அதைச் சுற்றிய ஊர் மாறியிருந்தது.

இச்செய்தியை வெளியே சொல்லலாமா என்பதில் ஒரு மாத காலம் கருத்து வேறுபாடு நிலவிற்று. கிணற்றுக்கு அவப்பெயர் வரும் என்றார் சிலர். கிணற்றை வக்ஃபு செய்த குடும்பத்தார் மனம் நோவர் என்றார் சிலர். முடிவில் முத்தவல்லி ஹாஜியார், ‘அமானிதப் பொருளின் குறையை மறைப்பவன் அமானிதத்தைக் காத்தவன் ஆகமாட்டான்’ என்று சொல்லி, ஜும்ஆவுக்குப் பின் தாமே அந்த அறிக்கையை வாசித்தார். ஒளூவுக்குக் கிணற்று நீர், குடிப்பதற்கு நகராட்சி நீர் என்று பிரித்து எழுதி வைத்தனர். அருகிலிருந்த இரு கழிவுக்குழிகளை அகற்றச் செலவுக்குத் திரட்டியபோது, முதலில் பணம் கொடுத்தவர்கள் கிணற்றைத் தந்த குடும்பத்தாரே. இரண்டாண்டுகளில் கிருமி நீங்கிற்று. நைட்ரேட் குறைந்திருக்கிறது, எனினும் இன்னும் எல்லைக்குள் வரவில்லை. வருந்திய பெரியவர் இன்றும் அந்நீரையே குடிக்கிறார். தம் பேரக்குழந்தைகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை.

நீரைச் சோதிப்பது கடினமான கலையன்று. ஆனால் ஒழுங்கு வேண்டும். ஆழ்குழாய்க் கிணறாயின் குழாயில் தங்கிய பழைய நீர் போகும்வரை சில நிமிடம் இறைத்துவிட்டு, அதன்பின்னரே பிடிக்கவேண்டும். உப்புச் சோதனைக்குரிய புட்டியை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசவேண்டும். கிருமிச் சோதனைக்குரிய புட்டியோ முன்பே கிருமி நீக்கப்பட்டது, அதை அலசலாகாது. அதைப் பனிக்கட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்ப்பித்தல் நன்று. ஓடைநீராயின் கரையோரத்தை விட்டு நடு ஓட்டத்தில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, ஓட்டத்தை எதிர்நோக்கி எடுக்கவேண்டும். ஊருக்கு மேலே ஒன்றும் ஊருக்குக் கீழே ஒன்றுமாக எடுத்தால், நம் ஊர் அந்த ஓடைக்கு என்ன கொடுத்தது என்பது தெரிந்துவிடும். நாள், நேரம், இடம், ஆழம் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதியது கணக்காகாது.

ஒரு முறை சோதிப்பது ஒருவரின் நிழற்படம் போன்றது. ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே பருவத்தில் சோதிப்பதே அவரது வரலாறு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. மழைக்கு முன் நீரின் தரத்தையும் சோதிக்கிறது. கோடையில் உப்பின் அடர்த்தி கூடும். முதல் மழையில் தெருவின் அழுக்கெல்லாம் உள்ளே இறங்கும். எனவே கோடையில் ஒன்றும் மழைக்குப் பின் ஒன்றுமாக இரு சோதனைகளேனும் தேவை. கடற்கரையூர்களில் வாழும் நம்மவர்க்கு மற்றொரு கவலை உண்டு. அளவின்றி இறைத்தால் கடல்நீர் நிலத்துக்கடியில் ஊர்ந்து வரும். கரையோரக் கிணறுகளில் குளோரைடின் அளவைத் தொடர்ந்து குறித்து வந்தால், நாவு உப்பை உணர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த எண்கள் எச்சரிக்கும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. கட்டணம் செலுத்தி எவரும் நீரைச் சோதித்துக்கொள்ளலாம். கழிவுக் கிருமி இருப்பின் ஓரிரு நாளில் கருநிறமாக மாறும் சிறு புட்டிச் சோதனையை 1982ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள் நம் நாட்டு அறிவியலாரே. 2019ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம், கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்குக் களச்சோதனைப் பயிற்சி அளிக்க வகைசெய்தது. இப்பணி பெண்களிடம் சேர்வது மிகவும் பொருத்தமே. வீட்டு நீரின் சுவையில் நேரும் சிறு மாற்றத்தையும் முதலில் அறிபவர் அவர்களே. பருப்பு வேகவில்லை, சவுக்காரம் நுரைக்கவில்லை என்று அவர்கள் கூறுவது நீரின் கடினத்தன்மையைப் பற்றிய அறிக்கையேயாகும். அந்த அறிவுக்கு ஒரு புட்டியும் ஒரு குறிப்பேடும் துணை சேர்த்தால் போதும்.

இனி நம் மஹல்லாக்களில் எவரேனும் கிணறோ ஆழ்குழாயோ தருமமாக அமைக்க முன்வந்தால், அதன் செலவுக் கணக்கில் பத்தாண்டுச் சோதனைக்குரிய தொகையையும் சேர்த்து வைப்போமாக. பெயர் பொறித்த கல்லுக்குக் கீழே ஒரு சிறு கரும்பலகை தொங்கட்டும். சோதித்த நாளும், கண்ட அளவும், அடுத்த சோதனைக்குரிய நாளும் அதில் எழுதப்படட்டும். பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் காட்டும் பலகையை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அதனருகே இதுவும் இருப்பதில் தடையென்ன? ஸதக்கத்துல் ஜாரியா என்பது ஓடிக்கொண்டே இருக்கும் தருமம். நீர் ஓடினால் மட்டும் அது தருமமாகிவிடாது, நன்னீராக ஓடவேண்டும். கிணற்றைத் தோண்டியவர் கைகளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்துவிடும். அதைக் கண்காணிப்போர் கைகளுக்கு ஓய்வில்லை. அவர்களுக்குரிய நற்கூலியும் ஓயாது என்று நம்புவோமாக.